அம்மா பார்க்கும் வானம்... பிள்ளை பார்க்கும் வானம்!

போடிநாயக்கனூரில் இருட்டு விலகும் முன்பே ஜீப்புகள் உறும ஆரம்பித்துவிடும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறி உட்கார்ந்தால், போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களில்தான் இறங்குவார்கள். அவர்கள் கிளம்பும் நேரத்தில் பிள்ளைகள் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள். அம்மா தினமும் பார்க்கிற வானத்தைப் பிள்ளை பார்த்தே இருக்காது.

அந்த வானத்தைக் காகிதத்தில் ஒட்டிவிடலாம். கொலாஜ் என்பது அதுதான். 'ஒட்டுவது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1912-ல் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டப்போய்ப் பிரபலமான கலை. நம் நாட்டில் சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜிக்கு 1957-ல் பார்வை முழுவதும் போய்விட்டது. அதன் பிறகும் காகிதங்களை வெட்டி ஒட்டி ஓவியம் செய்தார். 'எனக்கு வரையவே வராது' என்கிறவர்கள் தாராளமாக இறங்கலாம்.

ஒரு சார்ட்டை இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் இரவு 8 மணி, வலது பக்கம் விடியற்காலை 5 மணி. தை மாதக் கடைசி என்று வைத்துக்கொள்வோம். மேகம் குறைந்து வானம் தெளிவாக இருக்கும் காலம்.

பிள்ளையின் 8 மணி வானத்தில், உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டம். ஆறு சின்னப் புள்ளிகள் போதும். அதற்குக் கிழக்கே வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன். இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். தோளில் திருவாதிரை, அது செம்மஞ்சள். காலில் ரீகல், அது நீலம் கலந்த வெள்ளை. எல்லா நட்சத்திரத்தையும் வெள்ளையாக ஒட்டிவிடாதீர்கள். சிவப்பு நட்சத்திரம் சூடு குறைந்தது, நீலம் சூடு அதிகமானது. நிறம்தான் பிள்ளைக்கு அறிவியல் பாடம்.

அம்மாவின் 5 மணி வானத்தில் ஓரியன் இருக்காது, மேற்கே மறைந்திருக்கும். தென்கிழக்கில் முழுத் தேளும் எழுந்து நிற்கும். அதன் நடுவில் சிவப்பாக மினுக்குவது கேட்டை. மலையேறும் ஜீப்பில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்களுக்குப் போடியின் விளக்குகளுக்கு மேலே தேள் தெரியும். தேள் கொட்டி வேடன் இறந்ததால் இரண்டையும் வானத்தின் எதிரெதிர் மூலையில் வைத்துவிட்டார்கள் என்பது கிரேக்கர்கள் சொன்ன கதை. உண்மையிலும் ஒன்று மேற்கே சாயும்போதுதான் மற்றது கிழக்கே தலைகாட்டும்.

இனி மலை. இதைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். பழைய வார இதழின் வழவழப்பான பக்கத்தை உங்கள் பக்கமாக இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளை நார் தெரியும். அதுதான் மலைமுகட்டுப் பனி! தூரத்து மலைக்குச் சாம்பல் நீலம், அதற்கு முன்னால் கரும்பச்சை, கடைசியாகக் கறுப்பு. தூரத்து மலையை முதலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அடுக்கு சரியாக வரும்.

நட்சத்திரத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் தங்க, வெள்ளி ஓரங்களே போதும். பஞ்சிங் மிஷினில் விழும் வட்டம் நட்சத்திரத்துக்குப் பெரிது, நான்காக நறுக்கிக்கொள்ளுங்கள். பசைக்கு மைதா காய்ச்சினால் போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடும் பசையில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சி மீதியைக் கொட்டிவிடுங்கள். பசையை மெல்லியதாகத் தடவி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விட்டால் சுருங்காது.

இடது பக்கத்தைப் பிள்ளை மொட்டை மாடியில் நின்று பார்த்துத் தானே ஒட்டிவிடும். வலது பக்கத்துக்கு அம்மாவிடம் கேட்க வேண்டும். தேளின் வால் எந்தப் பக்கம் வளைந்திருந்தது, எத்தனையாவது வளைவில் தெரிந்தது, நிலா இருந்ததா... விடுமுறை நாளில் உட்கார்ந்து கேட்டு, அதை ஒட்டட்டும்.