நம்ம அச்சு முறுக்குக்கு மெக்சிகோவில் ஒரு சொந்தம்!

டிசம்பர் பிறந்தாச்சு. கோவை பெரியகடை வீதி பக்கம் போனால், மைக்கேல் பேராலயத்துக்கு மட்டுமல்ல, பேக்கரிகளுக்கும் கிறிஸ்துமஸ் களை வந்துவிடும். பிளம் கேக், கல்கல், அச்சு முறுக்கு எல்லாம் பாக்கெட்டில் ரெடி. ஆனால், உங்க வீட்டுப் பரணில் ஒரு முறுக்கு அச்சு துருப்பிடித்துக் கிடக்கிறதா? இதைப் படிச்சதும் அதை இறக்கிடுவீங்க பாருங்க!

காற்றுப் பலகாரம்

மெக்சிகோவின் கிறிஸ்துமஸ் பலகாரம் 'புன்யுவேலோஸ்'. இதில் ரெண்டு வகை பிரபலம். ஒன்று, மாவை அப்பளம் மாதிரி மெல்லிசாக விரித்துப் பொரிப்பது. இன்னொன்று, நீளக் கைப்பிடி வைத்த பூ அச்சை மாவில் முக்கி, எண்ணெயில் பொரிப்பது. ஆமாங்க, அப்படியே நம்ம அச்சு முறுக்கு! காற்று மாதிரி லேசாக இருப்பதால், அங்கே 'காற்று புன்யுவேலோஸ்' என்று பெயர். நாம் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்க்கிறோம். அவர்கள் கோதுமை மாவில் செய்து, சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவுகிறார்கள்.

வஹாக்கா நகரில் இன்னொரு வேடிக்கை. புன்யுவேலோஸைச் சாப்பிட்டு முடித்ததும், மண் தட்டைத் தரையில் போட்டு உடைப்பார்கள்!

வெல்லமும் கொய்யாவும்

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் 'போசாதா' கொண்டாட்டம். அப்போது ஆவி பறக்கும் 'பொன்ச்சே' கொடுப்பார்கள். கொய்யா, கரும்பு, பட்டை, புளி, கூடவே 'பிலோன்சீயோ' எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைக்கும் பானம். பிலோன்சீயோ வேறெதுவும் இல்லை, கூம்பு வடிவ வெல்லம்தான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இருக்கும் ஊரில் நமக்கென்ன கவலை?

அங்கிருந்து நமக்கு வந்ததும் நிறைய. உடுமலைப் பக்கம் விளையும் மக்காச்சோளத்தின் தாய்வீடு மெக்சிகோ. பள்ளிபாளையம் சிக்கனில் அள்ளிப் போடுகிற வரமிளகாயின் பூர்விகமும் அந்தப் பக்கம்தான்.

அச்சில் ஒட்டுதா?

வீட்டில் அச்சு முறுக்கைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம், முதல் நாலு முறுக்கு சொதப்புவதுதான். இதை ட்ரை பண்ணுங்க.

* புது அச்சையும் துருவைத் தேய்த்து எடுத்த பழைய அச்சையும் அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள்.

* பச்சரிசி மாவு 1 கப், பொடித்த சர்க்கரை கால் கப், முட்டை 1, ஏலக்காய், கறுப்பு எள். தேங்காய்ப்பால் ஊற்றி, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரையுங்கள்.

* அச்சை எண்ணெயிலேயே ஐந்து நிமிஷம் காயவிடுங்கள். அச்சு சூடாக இல்லாவிட்டால் மாவு பிடிக்காது.

* முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்குங்கள். மாவு மேல் விளிம்பைத் தாண்டினால் அச்சைப் பூட்டிக்கொள்ளும், முறுக்கு கழலாது.

* மிதமான தீ போதும். ஓரம் வெந்ததும் லேசாக உதறினால் பூ தனியாக வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அச்சை மறுபடி சூடாக்குங்கள்.

மெக்சிகோ ஸ்டைல் வேணுமா? சுடச்சுட இருக்கும்போதே பட்டைப் பொடி கலந்த சர்க்கரையைத் தூவுங்கள். தொட்டுக்கொள்ள, கொய்யாத் துண்டும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய வெல்லப்பாகு.

ஒரே ஒரு விஷயம்... முறுக்கு அச்சில் யூடியூபைவிடக் கில்லாடி, உங்க வீட்டு ஆத்தாவோ அம்மாச்சியோதான். மாவுப் பதத்தைக் கரண்டியில் தூக்கிப் பார்த்தே சொல்லிடுவாங்க. அந்தக் கைப்பக்குவத்தை எந்தப் பாக்கெட்டிலும் வாங்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கோங்க. முதல் தட்டு, பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். தட்டை மட்டும் உடைக்க வேண்டாம், பொங்கலுக்கு அவங்க ஏதாவது போட்டுத் திருப்பித் தரணுமில்ல!