காப்பியின் காட்டுச் சொந்தங்கள்

கருப்பட்டிக் காப்பியில் கருப்பட்டி மட்டுமே தூத்துக்குடிச் சீமையுடையது. உடன்குடிப் பனையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிய சரக்கு அது. காப்பிக்கொட்டையோ மலையிலிருந்து இறங்கி வரவேண்டும். சராசரியாக 18 முதல் 22 டிகிரி வெப்பமுள்ள மலைச்சரிவு கேட்கும் அரபிகாச் செடி, தேரிக்காட்டு வெயிலில் ஒரு கோடை தாங்காது. ஆனாலும் காப்பியின் மிகப் பெரிய வீழ்ச்சியைப் பக்கத்திலிருந்து பார்த்த கடற்கரை இது.

1906-ல் வ.உ.சி. கொழும்புக்குக் கப்பல் விடக் கம்பெனி தொடங்கியதற்கு வெகு முன்பே, தென்பாண்டி ஆட்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கங்காணியின் பின்னே ராமேசுவரம்வரை நடை, தோணியில் மன்னார், முத்துக்குளிக்கும் அந்தக் கரையிலிருந்து வறண்ட காட்டு வழியே கண்டி மலைக்கு மறுபடி நடை. வழியிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். பிற்பாடு தூத்துக்குடியிலிருந்து நேரே கொழும்புக்கு நீராவிக் கப்பலும் ஓடியது.

1869-ல் மடுல்சீமைப் பகுதியில், இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. தமிழில் இலைத்துரு நோய். இருபதே ஆண்டுகளில் இலங்கைக் காப்பி படுத்துவிட்டது. அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-ல் முறிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள்.

பழியைப் பூஞ்சைமேல் மட்டும் போட்டால் போதாது. அரபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி; பிள்ளை தாயைப் போலவே இருக்கும். உலகத் தோட்டங்களில் பரவியதெல்லாம் ஏமன் வழியாக வெளியேறிய சில விதைகளின் வம்சம். சூஃபி ஞானி பாபா புதன் அங்கிருந்து ஏழே விதைகளை மறைத்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்ற கதையை எண்ணிக்கைவரை நம்பவேண்டியதில்லை. அடித்தளம் குறுகியது என்பது மெய். ஊர் முழுக்க ஒரே பூட்டைத் தொங்கவிட்டால், திருடனுக்கு ஒரு சாவி போதும்.

இந்தியாவிலும் துரு புகுந்தது. 1911-ல் மைசூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் கென்ட், நோய் தாங்கிய செடியொன்றைப் பிரித்தெடுத்தார். அதுவும் பிறகு துருவுக்கு வசமானது. துருவிலேயே பல ரகங்கள் உண்டென்று பாலெகொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் மெயின் என்ற ஆய்வாளர் கண்டுகாட்டியபோது காரணம் விளங்கியது. திருடனும் புதுச் சாவி செய்துகொள்கிறான்.

மருந்து வேறொரு காப்பியிலிருந்து வந்தது. லைபீரிகா மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் தாழ்நிலத்து இனம். மரமாக உயரும், சுவையில் அரபிகாவுக்கு ஈடாகாது. இந்தியாவில் அதுவும் அரபிகாவும் தானாகவே கலந்து ஒரு செடி உண்டாயிருந்தது. அந்த வழியில் வந்த செடியைக் கென்ட் ரகத்தோடு சேர்த்து, 1940-களின் நடுவில் எஸ்.795 என்ற ரகத்தைப் பாலெகொன்னூர்க்காரர்கள் வெளியிட்டார்கள். பின்னாளில் அதையும் துரு ஓரளவு தொட்டது. இருந்தும் பல மலைகளில் இன்றும் நிற்கிறது. யாரும் திட்டமிடாத ஒரு கலப்புக்கு இவ்வளவு ஆயுள்.

இப்போது வெயிலும் எதிரியாகிவிட்டது. பூவெடுக்க வைக்கும் மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே ஆட்டம் காணும். 2019-ல் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 124 காப்பி இனங்களைக் கணக்கிட்டு, அறுபது சதவீதம் அழிவின் விளிம்பை நெருங்குவதாகச் சொன்னார்கள். 45 சதவீத இனங்கள் எந்தச் சேகரத்திலும் இல்லை. நெல்லைப்போல விதையை உலர்த்தி உறைகுளிரில் பூட்டிவைக்கவும் வழியில்லை. காப்பி விதை அதற்குத் தோதானதல்ல. செடியாகவே வளர்த்துக் காக்கவேண்டும், அல்லது காட்டில் விட்டுவைக்கவேண்டும். சியரா லியோனில் 2018-ல் மறுபடி கண்டெடுத்த ஸ்டெனோஃபில்லா என்ற காட்டுக் காப்பி இனம், அரபிகாவை விட ஆறு டிகிரிக்கு மேல் கூடுதலான வெப்பத்தில் வளர்ந்தும் அதன் சுவையைத் தருகிறது.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு: காஃபியா வைட்டியானா. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட காடுகளில் வளரும் புதர். பாளையங்கோட்டையிலும் பணிசெய்த மருத்துவர் ராபர்ட் வைட்டின் பெயர் அதற்கு. வேறு பேரினத்தில் ஒதுக்கியிருந்த இத்தகைய செடிகளை 2011-ல்தான் காப்பிப் பேரினத்துக்குள் சேர்த்தார்கள். இந்தியக் காட்டு இனங்களின் கொட்டையில் கஃபீன் அநேகமாக இல்லை. யாரும் வறுத்துக் குடிக்கப்போவதில்லை. அரபிகாவுக்கு 44 குரோமோசோம், இதற்கு 22, கலப்பது எளிதல்ல. லைபீரிகாவுக்கும் 22 தான், இருந்தும் அது கலந்தது. ஆனால் வைட்டியானா அதைவிடத் தூரத்துச் சொந்தம். வறட்சியைத் தாங்கும் அதன் குணத்தை அரபிகாவுக்குள் கொண்டுவரமுடியுமா என்று பார்ப்பதற்குக்கூட, அந்தப் புதர்க்காடு விறகாகாமல் இருக்கவேண்டும்.