செய்மதியும் சிறு பளிங்கும்

வழிகாட்டும் செய்மதிகளின் பயன் முழுவதும் காலக் கணக்கிலேயே தங்கியுள்ளது. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி ஏறத்தாழ 300 மீற்றர் சென்றுவிடும். செய்மதியில் அணுக்கடிகாரம் உண்டு. கையிலுள்ள வாங்கியிலோ ஒரு பளிங்கு அலையமே உண்டு. அங்ஙனமாயின் இடம் பிழையாதோ எனின், பிழையாது. அறியவேண்டியவை இடத்தின் மூன்று அளவுகளும் கடிகாரப் பிழையும் ஆகும்; நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைப்பின் நான்கும் விளங்கும்.

ஆயினும் அலையத்தின் மீடிறன் பிழைப்பின், சமிக்ஞையைக் கண்டுபிடிப்பதே அரிதாகும். கணினி மென்பொருளால் இயங்கும் வாங்கிகளில் இது தெளிவாகப் புலனாகும். ஜி.பி.எஸ். செய்மதியின் எல்1 அலை 1575.42 மெகாஹேட்ஸ் மீடிறனுடையது. செய்மதியின் ஓட்டத்தால் அது சுமார் 5 கிலோஹேட்ஸ் வரை கூடியும் குறைந்தும் வந்துசேரும். மலிவான தொலைக்காட்சி வாங்கியொன்றின் பளிங்கு பத்து இலட்சத்துக்கு 50 பங்கு பிழைப்பின், மேலும் 79 கிலோஹேட்ஸ் விலகும். கணினி தேடவேண்டிய பரப்பு பதினாறு மடங்குக்கு மேலாகும். விலகல் மாறாதிருப்பின் ஒருமுறை அளந்து கழித்துவிடலாம். வெப்பத்தால் அது கணந்தோறும் மாறுமாயின் பிடித்த சமிக்ஞையும் நழுவிவிடும்.

கருவி தேடுவோர் பொருளை எதில் செலவிடுதல் தகும்? இச்சமிக்ஞை இரைச்சலுள் அமிழ்ந்தே வருதலின், அதனை ஓரிரு பிற்றுகளால் அளந்தாலும் போதும். ஆதலின் நுண்ணிய அளவீட்டுக்குப் பெரும்பொருள் கொடுத்தல் வேண்டாம். வெப்பமாற்றத்தை ஈடுசெய்யும் அலையத்துக்கும், வானம் மறைக்கப்படாத இடத்தில் நிறுத்திய நல்ல ஏரியலுக்கும் கொடுப்பதே பயன்தரும்.