‘ஆவன செய்யப்படும்’

தமிழிலே செயப்பாட்டு வினை என்று ஒன்று உண்டு. ‘இராமனால் இராவணன் கொல்லப்பட்டான்’ என்பது வகுப்பிலே நாம் சொல்லும் உதாரணம். கொன்றவன் இன்னான் என்பதை ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு காட்டி நிற்கின்றது. ‘இராமனால்’ என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் விழுந்துவிடாது. ‘இராவணன் கொல்லப்பட்டான்.’ செய்தி இருக்கின்றது, செய்தவனைக் காணோம். இலக்கணத்திலே இது சிறு வசதி. அரசாங்கத்திலே இது பெருவசதி.

‘தங்கள் மகஜர் கிடைக்கப்பெற்றது. ஆவன செய்யப்படும்.’

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலே இந்த வாக்கியத்தைப் படியாத சங்கம் இல்லை, சனசமூக நிலையம் இல்லை. கிடைக்கப்பெற்றது யாரால்? செய்யப்படும் யாரால்? ‘ஆவன’ என்பது பலவின்பால். ஒன்றன்று, பல செய்வார்களாம்! அவை எவை? இன்னொரு நயமும் இதில் உண்டு. செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொது என்பது இலக்கணம். ஆகையால், ‘எப்போது செய்வீர்?’ என்று கேட்பவனுக்கு, ‘இப்போதே செய்துகொண்டிருக்கின்றோம்’ என்றும் விடை சொல்லலாம். இவ்வளவு நுட்பமாகத் தமிழ் எழுதுகின்ற உத்தியோகத்தர் எந்தப் பண்டிதரிடம் பாடங் கேட்டாரோ அறியேன்.

1956ஆம் ஆண்டின் பின்னே நம் முன்னோருக்கு வந்த கடிதங்களின் மொழி விளங்கவில்லை. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இப்போது மொழி விளங்குகின்றது, பொருள்தான் விளங்கவில்லை.

தீவிலே தமிழ் சொல்லிக் கொடுப்பவனுக்கு மகஜர் எழுதுவதும் ஒரு தொழில். சம்பளமில்லாத தொழில். மீனவர் வருவர், தாய்மார் வருவர், கோயில் தருமகர்த்தா வருவர். அவர்கள் சொல்வதை நான் எழுதுகின்றேன். எழுதியவற்றுள்ளே பெரும்பகுதி படகைப் பற்றியது.

நெடுந்தீவுக்குப் போவோர் புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையிலே படகேற வேண்டும். ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல். சோளகம் பெயர்ந்துவிட்டால் அந்த ஒரு மணிநேரம் வயிற்றைக் கலக்கும். நோயாளியும் அந்தக் கடலைத்தான் கடக்க வேண்டும். பரீட்சை எழுதும் பிள்ளையும், பிணமும் அந்தக் கடலைத்தான் கடக்க வேண்டும். இந்தச் சேவைக்கு நெடுங்காலம் உழைத்த ‘குமுதினி’ என்னும் மரப்படகு வீதி அபிவிருத்தி அதிகாரசபையைச் சேர்ந்தது. கடலை வீதி என்று கொண்டது நல்ல கற்பனை. கவிஞர்களுக்கும் தோன்றாத உருவகம். ஆனால் வீதியிலே குழி விழுந்தால் சுற்றிப் போகலாம். குமுதினியின் இயந்திரம் நின்றால் சுற்றிப் போக வழி எது?

குமுதினி என்ற பெயரைத் தீவார் வேறொரு காரணத்தாலும் மறப்பதில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த அப்படகை நடுக்கடலிலே மறித்து ஏறியோர், பயணிகள் முப்பதின்மருக்கு மேற்பட்டோரை வெட்டிக் கொன்றனர். குழந்தைகளும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சொன்னார்கள். தண்டனை பெற்றவர் எவருமில்லை. ‘கொல்லப்பட்டனர்’ என்ற அந்த வாக்கியத்துக்கும் மூன்றாம் வேற்றுமையை இதுவரை எந்த நீதிமன்றமும் எழுதவில்லை. படகைத் திருத்தினார்கள். போர்க்காலமெல்லாம், போர் முடிந்த பின்னும், அதே படகிலே அதே மக்கள் ஏறி இறங்கினார்கள்.

பின்னர் 2017ஆம் ஆண்டு சனவரியில் ‘நெடுந்தாரகை’ வந்தது. உலக வங்கியின் உதவித் திட்டமொன்றிலே, வட மாகாண சபை இயங்கிய காலத்திலே, புதிதாகக் கட்டிய படகு. மாலை, நாதஸ்வரம், உரைகள் எல்லாம் நடந்தன. படகு நல்ல படகுதான். அதை நடத்தும் பொறுப்பு நெடுந்தீவுப் பிரதேச சபையின் தலையிலே வந்தது. ஆண்டு முழுவதும் திரட்டும் வரி சிறு தொகையாகிய ஒரு சபை, பெரும் இயந்திரங்கள் பூட்டிய கலத்துக்கு எண்ணெய்க்கும் திருத்தத்துக்கும் எங்கே போகும்? தாரகை வானத்திலே நிலையாக நிற்கும் என்பது காவிய வழக்கு. இந்தத் தாரகை திருத்த வேலைக்கென்று கரையிலே ஒதுங்கிய காலங்கள் உண்டு. கேட்டால், மாகாண சபையைக் கேள் என்பர். அந்தச் சபையின் ஆயுளோ 2018 ஒக்டோபரிலே முடிந்தது; அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. பிரதேச சபைகளுக்கும் 2018இன் பின்பு 2025 மே மாதத்திலேதான் தேர்தல் வந்தது. இடையிலே கேள்வி கேட்பதற்குக் கூட ஓர் எழுவாய் இல்லாமற் போயிற்று.

மணிமேகலையிலே வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்ளும் அறிஞர் உளர். மணிமேகலையைத் தெய்வம் எடுத்துச் சென்றது. திரும்பும்போது அவள் மந்திர வலியால் வான்வழியே வந்தாள். அவளுக்குப் படகுக் கவலை இல்லை. ஆபுத்திரன் கதை வேறு. அவன் இறங்கியதை அறியாமல் மரக்கலம் இரவிலே போய்விட்டது. அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையிலே விட்டு, உண்ணாதிருந்து அத்தீவிலே உயிர் துறந்தான். கலந் தவறிய துயரம் எங்கள் பக்கத்துக்குப் பழமையானது என்பதற்காக இதைச் சொன்னேன். ஆபுத்திரன் மகஜர் எழுதவில்லை.

புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையே கடலை அடைத்த தாம்போதி ஒன்று இருக்கின்றது. அதற்கு வாணர் தாம்போதி என்று பெயர். வாணர் சகோதரர் இருவருடைய விடாமுயற்சியாலே அது எழுந்தது என்று ஊர் சொல்லும். ‘வாணரால் ஆயது.’ மூன்றாம் வேற்றுமை முழுசாக நிற்கின்ற வாக்கியம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தாம்போதி இல்லையென்றால் இன்று குறிகட்டுவானுக்கே கடல் கடந்து போக வேண்டியிருக்கும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலோ பாலம் இல்லை. அங்கே ‘பாதை’ ஓடுகின்றது. வெளியூர் அன்பர்களுக்கு: எங்கள் நாட்டிலே ‘பாதை’ என்பது மிதவைக்குப் பெயர். பாதை ஓடாத நாளிலே பாதை இல்லை. சிலேடை பாடுவோர்க்கு நல்ல பொருள். அவசரமாக அக்கரைக்குப் போக வேண்டியவர்க்கு யாழ்ப்பாண நகரைச் சுற்றும் வழி.

இனி மின்சாரத்துக்கு வருவோம். செய்வோர் பலராகிச் செயல் ஒன்றும் ஆகாதிருந்த விந்தையை அங்கேதான் காணலாம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்னும் மூன்றும் பெருநிலத்து மின்கம்பி எட்டாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளே அவற்றுக்கு விளக்கேற்றி வந்தன. அந்த டீசலும் கடல் கடந்து வர வேண்டும். காற்றும் வெயிலும் அங்கே வேண்டிய மட்டும் உண்டு. அவற்றைக் கொண்டு மின் ஆக்கலாம் என்பது நல்ல யோசனை. அருகிலுள்ள எழுவைதீவிலே சிறு அளவிலே அதைச் செய்தும் காட்டினார்கள். மூன்று தீவுகளுக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்திலே கேள்விப்பத்திரம் கோரினார்கள். 2021ஆம் ஆண்டு சனவரியிலே அமைச்சரவை அதை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க இசைந்தது.

அப்போதுதான் தமிழகக் கரை எங்களுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தூரத்திலே இருக்கின்றது என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. இந்தியா ஆட்சேபித்தது. வேலை நின்றது. அவ்வாண்டு டிசெம்பரிலே கொழும்பிலுள்ள சீனத் தூதரகம், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையாலே திட்டம் நிறுத்தப்பட்டது என்றும், அதே நிறுவனம் மாலைதீவிலே 12 தீவுகளுக்குச் சூரிய மின்னிலையம் அமைக்க ஒப்பந்தஞ் செய்துள்ளது என்றும் அறிவித்தது. அந்த மாதமே சீனத் தூதுவர் யாழ்ப்பாணத்துக்கும் வந்து போனார். 2022 மார்ச்சிலே இந்திய வெளிவிவகார அமைச்சர் கொழும்புக்கு வந்தபோது, அதே மூன்று தீவுகளுக்கும் இந்திய உதவியிலே மின்னிலையம் என்று உடன்படிக்கை ஆயிற்று. 2024 மார்ச் முதலாம் நாள் இந்திய நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நன்கொடை 11 மில்லியன் டொலர். சூரிய ஒளியால் 530 கிலோவாற்று, காற்றால் 1700 கிலோவாற்று. சேமிக்கும் மின்கலம் 2400 கிலோவாற்று மணி. துணைக்கு டீசல் 2500 கிலோவாற்று.

இசைவுக்கும் கைச்சாத்துக்கும் இடையே மூன்று ஆண்டுக்கு மேல். அந்த இடைக்காலத்திலே 2022ஆம் ஆண்டும் அடங்கும். நாடெங்கும் எண்ணெய்க்கு வரிசை நின்ற ஆண்டு அது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையிலே கிடந்தன. காற்று மட்டும் வழக்கம்போல வீசிக்கொண்டிருந்தது. வெயிலும் எறித்தது.

கொடுத்தவர்களை நான் குறை கூறவில்லை. நன்கொடை நன்கொடையே. அயல் நாட்டின் அச்சமும் வீணானது என்று சொல்ல நான் இராசதந்திரி அல்லன். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இலங்கை, இந்தியா, சீனா, வங்கி என்று இத்தனை எழுவாய்கள் இந்தக் கதையிலே வந்தார்கள். தீவார் எந்த இடத்திலே வந்தார்கள்? ‘நெடுந்தீவுக்கு’, ‘நயினாதீவுக்கு’ என்று நான்காம் வேற்றுமையிலே வந்தார்கள். கொடைப்பொருளை ஏற்கும் வேற்றுமை அது. ‘உங்களுக்கு எது வேண்டும், எது ஆகாது?’ என்று எங்களை விளி வேற்றுமையிலே அழைத்துக் கேட்டதை நான் கேள்விப்பட்டதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன். அது சுருக்கமாகத்தான் கிடைக்கின்றது. நெடுந்தீவிலே சாராப்பிட்டி போன்ற சில இடங்களிலேதான் நன்னீர்க் கிணறுகள். ஏனையவை பெரும்பாலும் உவர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை கடுங்கோடையிலே நீரின்றி மடிவதுண்டு. குதிரை செத்தால் செய்தி வருகின்றது, படமும் வருகின்றது, நல்லது. குடம் சுமக்கும் பெண்ணுக்குச் செய்தி வருவது அருமை. தாளையடியிலே கடல் நீரை நன்னீராக்கும் பெருநிலையம் 2024 ஆகத்திலே திறந்தார்கள். குழாய்கள் தீவுப்பகுதியின் கடைசி வீடு வரையும் வரட்டும். நீர்நிலை பெருக்கிய அரசனின் பெயரே நிற்கும் என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்தினார். புறநானூற்றிலே உள்ளது. அமைச்சர்கள் தமிழ் விழாக்களிலே மேற்கோள் காட்டத் தகுந்த பாட்டு. ஏனோ அதைக் காட்டுவதில்லை.

கொழும்பிலே இருக்கின்ற நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். ‘நெடுந்தீவிலே நாலாயிரம் பேரளவில் இருக்கின்றீர்கள். உங்களுக்காக இத்தனை படகும் மின்சாரமும் நீரும் என்றால் தலைக்கு என்ன செலவாகும்? பெருநிலத்துக்கு வந்துவிடலாமே’ என்றார். இது வெறும் வாய்வாதம் அன்று. கணக்குப் பார்க்கும் அரசுகள் மனத்துக்குள்ளே இப்படித்தான் எண்ணுகின்றன. சனமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றது. புங்குடுதீவிலே பூட்டிய கல்வீடுகளைப் பார்த்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போருக்கு ஓடியவர் ஒரு பங்கு. துறைக்கும் கிணற்றுக்கும் ஓடியவர் இன்னொரு பங்கு.

நண்பருக்கு நான் சொன்ன விடை இது. 1974ஆம் ஆண்டிலே பாக்கு நீரிணையிலே இந்தியாவும் இலங்கையும் கடலெல்லை வகுத்தன. கச்சதீவு இலங்கையின் பக்கத்தே வந்தது. கச்சதீவு எந்தப் பிரிவைச் சேர்ந்தது? நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவை. அங்கே குடியிருப்போர் எவருமில்லை. ஆனால் அதைப் பற்றி இரு நாட்டுப் பாராளுமன்றங்களும் பேசுகின்றன. 2025 செப்டெம்பர் முதலாம் நாள் இலங்கைச் சனாதிபதி நேரே போய்ப் பார்த்தும் வந்தார். அதே நாள் மண்டைதீவிலே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார். எல்லை கீறும்போது தீவு வேண்டும். எல்லைக்குள்ளே வருகின்ற மீனும் கடலும் வேண்டும். படகு விடும்போது மாத்திரம் தலைக்கு இவ்வளவு என்று எண்ணுவதா? நாங்கள் அங்கே விளக்கேற்றிக் குடியிருக்கின்ற படியால் அல்லவோ அது நாடாயிருக்கின்றது? நண்பர் பேச்சை மாற்றி மைதானத்தைப் பற்றிக் கேட்டார். மைதானம் வரட்டும் என்றேன். பந்து கடலிலே விழுந்தால் எடுக்க ஒரு படகாவது விடுவார்கள்.

உத்தியோகத்தரிலே நல்லவர் பலர். கொந்தளிக்கும் கடலிலே கோப்பைச் சுமந்துகொண்டு வந்தவரை நான் அறிவேன். ஆனால் எங்கள் தீவுகளுக்கு அரசாங்கம் இட்ட பெயர் ‘அதிகஷ்டப் பிரதேசம்’. அங்கே சில ஆண்டு சேவை செய்தால் இடமாற்றத்துக்கு உரிமை பிறக்கும். ஆசிரியருக்கு இடமாற்றம் உண்டு, வைத்தியருக்கு உண்டு, மாணவனுக்கு இல்லை. கஷ்டத்தை அளந்து பெயரிட்டவர்கள், அதைக் குறைப்பதற்குத் தவணை குறிக்கவில்லை.

ஒரு வழி இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலே உண்டு. கேட்டவனுக்கு 14 வேலை நாளுக்குள்ளே தகவல் உத்தியோகத்தர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். நான் இப்போது மகஜர் எழுத வருவோரிடம், ‘மகஜர் பிறகு எழுதுவோம், முதலில் இந்த விண்ணப்பத்தை நிரப்புங்கள்’ என்கின்றேன். ‘படகு எப்போது திருந்தும்?’ என்று கேளாதீர்கள். ‘திருத்தும் பொறுப்பு எந்தப் பதவியினருடையது? பணம் எந்த நாளிலே யாரால் விடுவிக்கப்பட்டது?’ என்று கேளுங்கள். ஓர் அலுவலகத்துக்கு அப்படி எழுதினோம். இரண்டு நினைவூட்டலுக்குப் பின் பதில் வந்தது. அதிலே ஒரு பதவியின் பெயர் இருந்தது. நாங்கள் நால்வர் அதை மாறி மாறிப் படித்தோம்.

குறிகட்டுவான் துறையிலே ஒரு பலகை வேண்டும் என்பது எங்கள் இப்போதைய கோரிக்கை. படகின் பெயர், உடையவர், ஓடாத நாளாயின் ஓடாமைக்குக் காரணம், திருத்தப் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவி, திருந்தி வரும் தேதி. இவ்வளவே. இதற்கு உலக வங்கியும் வேண்டாம், ஆசிய வங்கியும் வேண்டாம். பலகையும் ஆணியும் ஊரார் தருவர். எழுத்துப் பிழையில்லாமல் நான் எழுதித் தருவேன். தேதியை மட்டும் அவர்கள் சொல்ல வேண்டும்.