ஒளி செய்யும் வேலை – 17: கற்கண்டும் கல் உப்பும்

கற்கண்டையும் கல் உப்பையும் தனித்தனியே நுணுக்கிப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். இரண்டின் மீதும் 1064 நானோமீட்டர் லேசரைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்ச வேண்டும். அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கற்கண்டுப் பொடியிலிருந்து மங்கலாகப் பச்சை ஒளி கிளம்பும். 532 நானோமீட்டர், உள்ளே போனதில் சரிபாதி அலைநீளம். அதாவது இருமடங்கு அதிர்வெண். உப்போ இருட்டாகவே கிடக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒளி ஊடுருவும் படிகம். பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?

சென்ற வாரம், 1960-இல் மெய்மன் மாணிக்கக் கம்பியிலிருந்து முதல் லேசரை எடுத்ததோடு நிறுத்தியிருந்தோம். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் மூன்று தோழர்களும் அந்தச் சிவப்பு ஒளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்துக்குள் குவித்தார்கள். போனது 694.3 நானோமீட்டர். வெளியே வந்த ஒளியை நிறம் பிரித்துப் புகைப்படத் தகட்டில் பிடித்தபோது 347 நானோமீட்டருக்கு நேராக ஒரு சின்னப் புள்ளி விழுந்திருந்தது. 1961 ஆகஸ்டில் கட்டுரை அச்சானது. அதில் அம்புக்குறி இருக்கிறது, புள்ளி இல்லை! தகட்டில் ஒட்டிய தூசி என்று நினைத்து அச்சுக்கு முன் யாரோ துடைத்துவிட்டார்கள் என்பது இயற்பியல்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை. ஒரு துறையின் முதல் ஆதாரமே அச்சேறாமல் போனதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

குவார்ட்ஸுக்குப் பதில் சிலிக்காக் கண்ணாடியை வைத்திருந்தால் அந்தப் புள்ளி கிடைத்திருக்காது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே சிலிக்கன், ஒரே ஆக்ஸிஜன். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு.

ஒளி என்பது மின்புல அலை. பொருளுக்குள் நுழைந்தால் எலெக்ட்ரான்களை இப்படியும் அப்படியும் ஆட்டும். விளக்கொளிக்கு அவை கணக்காக ஆடும். இரண்டு பங்கு தள்ளினால் இரண்டு பங்கு நகரும். லேசரின் புலம் கடுமையானது. அங்கே கணக்கு பிசகும். நகர்வு இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடும் அல்லது குறையும். நேரிலா ஒளியியல் என்ற துறை முழுவதும் இந்தப் பிசகை நம்பித்தான் பிழைக்கிறது.

வலப்பக்கம் தள்ளினாலும் இடப்பக்கம் தள்ளினாலும் பிசகு ஒரே அளவு என்றால், மும்மடங்கு அதிர்வெண் பிறக்கலாம், இருமடங்கு பிறக்காது. இருமடங்குக்கு ஒரு பக்கம் இளகியும் மறுபக்கம் இறுகியும் இருக்க வேண்டும். கணக்கில் ஒரே வரி: இருமடங்கு ஒளி மின்புலத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது, புலத்தைத் திருப்பிப் போட்டாலும் வர்க்கம் குறி மாறாது. வலம் இடம் பேதமில்லாத படிகத்திலோ புலம் திரும்பினால் விளைவும் திரும்பியாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போக ஒரே வழி, விளைவு சுழியாக இருப்பது.

உப்பில் ஏதாவது ஒரு சோடியத்தின் மேல் உட்கார்ந்து பாருங்கள். வலத்தில் குளோரின் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, நேர் எதிரே இடத்திலும் அதே தூரத்தில் ஒரு குளோரின். எல்லாத் திசையிலும் இப்படியே. இதற்கு மையச் சமச்சீர் என்று பெயர். சர்க்கரைக்கு இது வாய்க்காது. சர்க்கரை மூலக்கூறு ஒரு கைப்பக்கம் கொண்டது. கரும்பு அதன் எதிர்க்கையைச் செய்வதே இல்லை. மையத்தின் வழியே எதிர்ப்புறம் கொண்டுபோனால் வலக்கை இடக்கையாகிவிடும், அந்த இடக்கை மூலக்கூறு படிகத்தில் கிடையாது. ஆகவே கற்கண்டில் மையம் அமைய வழியில்லை.

படிகங்களைச் சமச்சீர்மையின்படி 32 வகுப்புகளாகப் பிரிப்பார்கள். 11-க்கு மையம் உண்டு, 21-க்கு இல்லை. அந்த 21-இலும் ஒன்றில் மற்றச் சுழற்சிகள் சேர்ந்து விளைவை அடித்துவிடுகின்றன. மையம் இல்லாதது மட்டும் போதாது என்பதற்கு அந்த ஒற்றை வகுப்பு சாட்சி.

இந்த விதி தமிழ்நாட்டுக் கல்லூரி இயற்பியல் துறைகளுக்குப் புதிதல்ல. ஓட்டை போட்ட பாலித்தீன் தாளால் வாய் கட்டிய பீக்கர்கள், உள்ளே மெதுவாக வற்றும் கரைசல் என்று எத்தனையோ முனைவர் பட்டங்கள் அங்கே விளைந்திருக்கின்றன. அவர்களுக்குப் பிடித்த பொருள்களில் ஒன்று கிளைசின், அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. அதற்குக் கைப்பக்கம் கிடையாது. வெறும் நீரில் வளர்த்தால் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம் வரும். அதில் மூலக்கூறுகள் மையத்தின் இரு புறமும் ஜோடி சேர்ந்துகொள்ளும், பச்சை ஒளி வராது. கரைசலில் உப்பைச் சேர்த்தால் காமா வடிவம் படியும். அதில் மூலக்கூறுகள் ஓர் அச்சைச் சுற்றித் திருகி அடுக்கப்படும், மையம் போய்விடும். பொடியாக்கி லேசரில் காட்டினால் பச்சை தெரிகிறது. கர்ட்ஸும் பெரியும் 1968-இல் வகுத்த பொடிச் சோதனை இது. தான் ஒளிராத உப்பு கிளைசினை ஒளிரவைக்கிறது!

மையத்தை வெளியிலிருந்தும் கெடுக்கலாம். 1962-இல் டெர்ஹியூனும் மேக்கரும் சாவேஜும் மையமுள்ள கால்சைட்டின் மீது நிலையான மின்புலத்தைச் செலுத்தி இருமடங்கு ஒளியைக் கூட்டிக் காட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்தது ஃபோர்டு கார் கம்பெனியின் ஆய்வகத்தில்.

இன்னும் விசித்திரம் மாலிப்டினம் டைசல்ஃபைடு, கிரீஸில் கலக்கும் கரும்பொடி. அதன் ஒற்றை அடுக்கு மூன்று அணுத் தடிமன்தான், மையம் கிடையாது. இருமடங்கு ஒளியை நன்றாகவே தரும். இரண்டாம் அடுக்கு முதலுக்கு எதிர்த்திசையில் திரும்பி உட்காருவதால் இரண்டுக்கும் நடுவே மையம் வந்துவிடும், ஒளி ஏறக்குறைய அணைந்துபோகும். மூன்றாவது அடுக்கில் மறுபடி வரும். 2013-இல் பல குழுக்கள் இதை அளந்தன. ஒற்றை அடுக்கைச் சுழற்றிக்கொண்டே அளந்தால், ஒளியின் அளவு ஆறு இதழ்ப் பூவாக வரைபடத்தில் விரியும். அந்த இதழ்களின் திசையைப் பார்த்தே படிகம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

குவார்ட்ஸுக்கு வருவோம். அதற்கு மையம் இல்லை, சமச்சீர்மை அனுமதி கொடுத்துவிட்டது. இருந்தும் ஃபிராங்கன் குவித்த ஒளியில் சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்கே இருமடங்கானது. பச்சை லேசர் பாயின்டருக்குள் இருக்கும் சின்னப் படிகம் அதைவிடப் பல லட்சம் மடங்கு திறமையாக அதே வேலையைச் செய்கிறது. நடுவில் என்ன நடந்தது? 1962-இல் அதே ஃபோர்டு ஆய்வகமும் பெல் ஆய்வகத்தின் ஜியோர்ட்மெய்னும் தனித்தனியே கண்டுபிடித்த தந்திரத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)