பயிருக்கேற்ற தவணை: பிரதேச அபிவிருத்தி வங்கியும் யாழ்ப்பாணக் கமக்காரரும்

நெல்லை விதைக்கும் நாளுக்கும் அதனை விற்றுப் பணமாக்கும் நாளுக்கும் இடையில் நாலைந்து மாதங்கள் கழிகின்றன. குடாநாட்டில் மழையை நம்பிச் செய்யப்படும் காலபோகத்தில், ஆவணி புரட்டாதியில் உழவும் விதைப்பும், ஐப்பசி கார்த்திகையில் பசளையும் களைபிடுங்கலும், தை மாசியில் அரிவுவெட்டும் சூடடிப்பும் எனச் செலவு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். வரவோ ஒரே முறைதான். தோட்டக்காரரின் நிலை சற்று வேறு. சின்ன வெங்காயம் எழுபது நாளளவில் கைக்கு வந்துவிடும். ஆயினும் விதை வெங்காயத்துக்கு முதல் நாளிலேயே பெருந்தொகை வேண்டும். இந்த இடைவெளியை எந்தப் பணத்தைக்கொண்டு கடப்பது என்பதே கமக்காரரின் கடன் பிரச்சினையாகும்.

இதுவரை அதனை எவ்வாறு கடந்து வந்துள்ளோம் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். மனைவியின் சங்கிலி புரட்டாதியில் அடைவுக்குப் போகும், மாசியில் மீளும், சில வருடங்களில் மீளாது. நகை இல்லாதவர் வியாபாரியிடம் முற்பணம் பெறுவார். அம்முற்பணத்துக்கு வட்டி இல்லை என்று சொல்லப்படும். உண்மையில் வட்டி நெல்லின் விலையில் மறைந்துள்ளது. எல்லோரும் ஒரே வேளையில் வெட்டுவதனால் விலை மிகவும் இறங்கியிருக்கும் நாட்களில், களத்திலேயே, அவர் சொன்ன விலைக்கு அளந்து கொடுக்கவேண்டியிருக்கும். இதற்கும் வழியற்றவர் மாதவட்டிக்குக் கைநீட்டுவார். மாதம் நூற்றுக்கு 3 ரூபா என்றால் சிறிதாகத் தோன்றும். 100,000 ரூபாவுக்கு ஆறு மாதத்தில் அது 18,000 ரூபா. வருடத்துக்கு நூற்றுக்கு 12 வீதம் என ஒரு வங்கி அதே தொகையைக் கொடுத்தால், ஆறு மாத வட்டி 6,000 ரூபா மட்டுமே. எனவே வட்டியைக் கேட்கும்பொழுது அது மாதத்துக்கா வருடத்துக்கா என்பதை முதலிற் கேளுங்கள்.

அடுத்துக் கேட்கவேண்டியது, அவ்வட்டி எத்தொகைக்குக் கணக்கிடப்படுகிறது என்பதாகும். மாதாமாதம் முதலையும் சேர்த்துக் கட்டி வருகின்றபோதும், வருட முடிவுவரை ஆரம்பத் தொகைக்கே நூற்றுக்கு 24 வட்டி கணக்கிடப்பட்டால், உண்மை வட்டி வருடத்துக்கு 40 வீதத்தையும் தாண்டிவிடும். ஏனெனில், பாதி வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பணம் திரும்பிச் சென்றுவிடுகிறது. வட்டியோ முழுப் பணத்துக்கும் ஓடுகிறது.

வட்டியிலும் பார்க்கத் தீமையானது, பயிரோடு பொருந்தாத தவணை. போருக்குப் பின்னர் வடக்கில் வாசல்தோறும் வந்த நுண்கடன்களிற் பல கிழமைக்கு ஒரு தவணை கேட்டன. நெல்லோ வெங்காயமோ கிழமைக்கொரு முறை பணம் தருவதில்லை. கடன் பெற்ற பெண் முதற் கிழமைத் தவணையைக் கடன் பணத்திலிருந்தே கட்டினாள். பின்னர் அதனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தாள். இத்துயரம் பெருகியதனாலேயே, வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்றிருந்த 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவைகளைத் தீர்க்க 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் தலையிட நேர்ந்தது.

கிராமத்துக்குக் கடன் கொடுப்பதற்கென அரசாங்கமே வங்கி அமைத்ததன் காரணம் இங்கேதான் உள்ளது. யாழ்ப்பாணத்துக்கு இத்துறை புதியதன்று. இலங்கையில் 1911இற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் பிறந்தது. 1929இல் யாழ்ப்பாணத்திற் கூட்டுறவு வங்கியும் தோன்றியது. 1961இல் மக்கள் வங்கி அரசாங்கத்தால் நிறுவப்பட்டு, 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களோடு சேர்ந்து கிராமிய வங்கிகளை நடத்தியது. இந்தியாவில் 1975இற் பிராந்திய கிராமிய வங்கிகள் தொடங்கப்பட்டன. இலங்கையில் அதனையொத்த முயற்சி 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. மாவட்டந்தோறும் கிராமிய அபிவிருத்தி வங்கி அமைப்பதே அதன் நோக்கம். இவை 1997இன் சட்டத்தின்படி ரஜரட்ட, ருகுணு, வயம்ப, ஊவா, கந்துரட்ட, சப்ரகமுவ என ஆறு வங்கிகளாக ஒன்றிணைக்கப்பட்டன. பெயர்களைக் கவனியுங்கள்: ஆறனுள் ஒன்றேனும் வட மாகாணத்துக்கு உரியதன்று. தெற்கிலே கமக்காரர் இவ்வங்கிகளோடு கால் நூற்றாண்டு பழகிய காலத்தில், நாம் போரினுள் இருந்தோம். 2008இன் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2010இல் ஆறும் ஒன்றாகிப் பிரதேச அபிவிருத்தி வங்கி ஆயின. அரசாங்கத்துக்குரிய இவ்வங்கி அதன் பின்னரே யாழ்ப்பாணத்திலும் கிளை திறந்தது. இதனாலேயே நம்மவருள் பலருக்கு இவ்வங்கி இன்னும் ஓர் அந்நியக் கட்டடமாகத் தோன்றுகிறது.

இத்தகைய வங்கியிடம் நீங்கள் பெறக்கூடிய பெரும் பயன், தவணையைப் பயிரோடு பொருத்திக் கேட்கும் வாய்ப்பாகும். பயிர்ச்செய்கைக் கடன் குறுகிய காலத்துக்குரியது. அறுவடையின் பின் முதலையும் வட்டியையும் ஒருங்கே செலுத்தி முடிப்பதாக அமைவது. அதனை விதை, பசளை, கிருமிநாசினி, உழவுக்கூலி ஆகியவற்றுக்கே செலவிடல் வேண்டும். கிணறு ஆழப்படுத்தல், நீர் இறைக்கும் இயந்திரம், தூவல் நீர்ப்பாசனக் குழாய், வேலி ஆகியன ஒரு போகத்தில் தம் விலையைத் திருப்பித் தருவதில்லை. அவற்றுக்கு மூன்று, ஐந்து வருடத் தவணையுள்ள அபிவிருத்திக் கடனே பொருத்தமானது.

எனது பிரிவில் ஒரு கமக்காரர் வெங்காயத்துக்கென எடுத்த கடனில் நீர் இறைக்கும் இயந்திரத்தை வாங்கினார். இயந்திரம் நல்லது, இன்றும் ஓடுகிறது. ஆனால் விதை வெங்காயத்துக்கு வேறிடத்தில் மாதவட்டிக்குப் பணம் எடுத்தார். அறுவடைப் பணம் இரண்டு கடனுக்கும் போதவில்லை. வங்கித் தவணை தவறியது. அடுத்த போகத்துக்கு வங்கி கடன் கொடுக்கவில்லை. அவர் செய்தது ஊதாரித்தனம் அன்று. ஐந்து வருடச் செலவை நாலு மாதக் கடனில் ஏற்றியதே பிழை. இப்பிழையில் எமக்கும் பங்குண்டு. இயந்திரத்தை வாங்குமாறு அவருக்குக் கூறியவன் நானே, எந்தக் கடனில் வாங்குவதென்று கூறவில்லை.

நெற்செய்கையாளர் இன்னொன்றும் கேட்கவேண்டும். தவணை நாள் அறுவடை முடிந்த மறுவாரமே வருமாயின், வங்கிக் கடனும் உங்களை வியாபாரியின் விலைக்கே தள்ளும். நெல்லைக் காயவைத்து, இரண்டொரு மாதம் வைத்திருந்து விற்கக்கூடியதாகத் தவணை நாளைக் கேட்டுப்பாருங்கள். எப்போதும் கிடைக்குமென்று கூறமுடியாது. ஆனால் கடன் எழுதும் நாளிற் கேட்காதவருக்கு அது ஒருபோதும் கிடையாது. சில வேளைகளில் வட்டியின் ஒரு பகுதியை அரசாங்கம் பொறுப்பேற்கும் திட்டங்களும் உண்டு. 1986இல் தொடங்கிய புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் அத்தகையது. இப்போது எத்திட்டம் நடைமுறையில் உள்ளதென்பதைக் கிளையிலும் கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள்.

இனிப் பிணை பற்றியது. சிறு பயிர்க்கடனுக்குப் பெரும்பாலும் ஆட்பிணை போதுமாயிருக்கும். பெருங்கடனுக்குக் காணி ஈடு கேட்கப்படும். நமது காணிகள் தலைமுறை தலைமுறையாகப் பங்கிடப்பட்டு, பத்துப் பரப்பில் நாலிலொரு பங்கு, கிணற்றில் ஒரு பங்கு என உறுதியில் நிற்கின்றன. பிரிக்கப்படாத பங்கை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்கும். பங்காளருள் சிலர் வெளிநாட்டில் இருப்பாராயின் பிரிவினை எழுதுவதற்குக் காலம் செல்லும். கடன் தேவைப்படும் மாதத்தில் அல்ல, அதற்கு ஒரு வருடம் முன்னரே அவ்வேலையைத் தொடங்குங்கள். குத்தகைக்குச் செய்பவர் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயக் காணிப் பதிவேட்டில் தம் பெயர் உண்டா எனப் பார்த்துக்கொள்ளல் நன்று.

பெண்கள் அறியவேண்டியது ஒன்று. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை ஈடு வைப்பதானாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என 1911இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. கணவர் காணாமற்போனதனால் எத்தனையோ பெண்கள் இவ்விடத்திலே தடைப்பட்டு நிற்கிறார்கள். கணவர் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்திடம் அச்சம்மதத்துக்குப் பதிலான அனுமதியைக் கேட்க அதே சட்டம் இடமளிக்கிறது. வங்கி திருப்பியனுப்பினால் அதனோடு விட்டுவிடாமல் ஒரு சட்டத்தரணியை நாடுங்கள்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிப் பல்லாண்டுகளின் பின் காணி திரும்பப் பெற்றோருக்குத் தனியே ஒரு சொல். பற்றைக்காடும் தூர்ந்த கிணறுமாகக் கிடக்கும் நிலத்தில் முதற் போகத்திலேயே பயிர்க்கடன் எடுக்காதீர்கள். நிலத்தைத் திருத்துவதற்கு நீண்ட காலக் கடனும், முதற் தவணைக்கு முன் சலுகைக் காலமும் கேளுங்கள்.

வெள்ளம் வரும் வருடங்களும் உண்டு. 2020 மார்கழியில் வந்த புரெவிப் புயலில் வயல்கள் நீரில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாறு நேரின், நீர் வடியும் முன்பே கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்து அழிவைப் பதிவு செய்யுங்கள். காப்புறுதி செய்தவர் கமநலக் காப்புறுதிச் சபைக்கும் அறிவிக்க வேண்டும். பின்னர், தவணை நாள் கடக்குமுன் கிளை முகாமையாளரைக் கண்டு தவணையை மாற்றித் தருமாறு எழுத்திற் கேளுங்கள். நாள் கடந்தபின் கேட்பது கடினம். நிலுவை கொடுகடன் தகவல் பணியகத்திற் பதிவாகிவிட்டால், எந்த வங்கிக்குச் சென்றாலும் அப்பதிவு உங்களுக்கு முன்னே நிற்கும். 2022இல் சிறு நெற்செய்கையாளரின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவு செய்ததுண்டு. அதனை எதிர்பார்த்துத் தவணையை விட்டுவிடுவது சரியன்று. அது எப்போது வரும், யாருக்கு வரும் என்பது ஒருவர் கையிலும் இல்லை.

காலபோகக் கடனுக்கு ஆடி மாதத்திலேயே கிளைக்குச் செல்லுங்கள். தேசிய அடையாள அட்டை, காணி உறுதி அல்லது குத்தகைப் பத்திரம், கமநல சேவை நிலையத்தின் உறுதிக் கடிதம், சென்ற போகத்தின் வரவு செலவை எழுதிய கொப்பி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். கொப்பி எழுதாதவர்கள், வரும் பிரிவுக் கூட்டத்துக்கு வெற்றுக் கொப்பியொன்றோடு வந்தால், வரவு செலவு எழுதும் முறையை அங்கேயே காட்டித் தருவோம்.