கேன்சல் அழுத்தியும் மாறாத எழுத்து

விண்டோஸ் 95 காலத்திலிருந்து கணினி பழகியவர்களுக்கு அந்த மூன்று பொத்தான்களும் அத்துப்படி. அமைப்புகளை மாற்றும் பெட்டியின் அடியில், வலது ஓரமாக ஓகே, கேன்சல், அப்ளை. ஓகே அழுத்தினால் மாற்றம் நடப்புக்கு வந்து பெட்டி மூடிக்கொள்ளும். அப்ளை அழுத்தினால் பெட்டி திறந்தே இருக்கும். எதையும் மாற்றாதவரை அப்ளை மங்கலாகத் தெரியும். இது அருமையான ஏற்பாடு. சேமிக்க வேண்டியது ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

தொல்லை அதற்குப் பிறகுதான். எழுத்தைப் பெரிதாக்கி அப்ளை கொடுக்கிறீர்கள். பிடிக்கவில்லை, கேன்சலை அழுத்துகிறீர்கள். பெட்டி மூடுகிறது, எழுத்து மட்டும் பெரிதாகவே நிற்கிறது. அப்ளை கொடுத்த கணமே அந்த மாற்றம் பதிவாகிவிட்டது. அதன்பின் செய்தவற்றை மட்டுமே கேன்சல் கைவிடும். நிரல் எழுதியவருக்கு இது நியாயமான கணக்கு. பயன்படுத்துகிறவரோ தன்மீதே சந்தேகப்படுகிறார். அப்ளை அழுத்தியதும் கேன்சல் என்ற பெயரை குளோஸ் என்று மாற்றிக்காட்டும் மென்பொருள்கள் உண்டு. எல்லாருமே அப்படிச் செய்ய வேண்டும் என்பேன்.

பொத்தான் இருக்கும் இடமும் பேசும். பல தாவல்கள் கொண்ட பெட்டியில் ஓகே வெளியே, அடியில் இருந்தால் அது எல்லாத் தாவல்களுக்கும் பொருந்தும். தாவலுக்குள் வைத்தால் அந்தத் தாவலுக்கு மட்டும் என்றே யாரும் நினைப்பார்கள். வரிசையும் அப்படித்தான். விண்டோஸில் ஓகே முதலில், கேன்சல் அடுத்து. மேக்கிலும் லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலும் ஓகேதான் வலது கோடி. பழகிய கை படிக்காமலே அங்கே போய்விடும். 2006-இல் வந்த க்யூட் 4.2 என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பு இந்த வேறுபாட்டுக்கு நல்ல வழி கண்டது. எந்தப் பொத்தான் எந்த வேலைக்கு என்று மட்டும் நிரலாளர் சொன்னால் போதும். அந்தந்தக் கணினியின் வழக்கப்படி அதுவே அடுக்கிவிடும்.

மேக்கின் அமைப்புகளில் பெரும்பாலும் ஓகேயே கிடையாது. தொட்டால் உடனே மாறும். 2002-இல் க்னோம் 2 அந்த வழிக்கு வந்தது. விண்டோஸ் 10-இன் செட்டிங்ஸும் பெரும்பாலும் அப்படியே. இந்த முறையில் திரும்பி வரும் வழி எளிதாக இருக்க வேண்டும். திரையின் ரெசல்யூஷனை மாற்றினால் திரையே இருண்டு போகலாம், பொத்தான் எங்கே என்று தேடக்கூட முடியாது. அதனால்தான் விண்டோஸ் 'இதையே வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டுவிட்டு, 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பழையபடியே மாற்றிவிடுகிறது. மௌனத்தை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் மனிதரை நன்றாகப் புரிந்தவர்கள்.

தட்டச்சு செய்யும் இடங்களுக்கு உடனே மாறும் இந்த முறை ஒத்துவராது. ஐபி முகவரியைப் பாதி அடிக்கும்போதே அது நடப்புக்கு வந்தால் இணைப்பு அறுந்துபோகும். அதற்கு சேவ், கேன்சல் இரண்டும் தேவை. விண்டோஸ் 10-உம் அந்த இடத்தில் அவற்றை வைத்திருக்கிறது, அதுவும் தனிப் பெட்டியாகத் திறந்து. அப்படிப் பிரித்துக் காட்டாமல், ஒரே பக்கத்தில் சில உடனே மாறவும் சில சேவுக்குக் காத்திருக்கவும் விடும் மென்பொருள்களே இன்று அதிகம் குழப்புகின்றன.